புக்கிட் ஜாலிலுக்கு பஸ் எடுக்கும் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

நாற்பது பேரைச் சேர்த்துக்கொண்டு சிங்கப்பூர்க் காற்பந்துக் குழுவுக்குக் குரல் கொடுக்க கோலாலம்பூரின் புக்கிட் ஜாலில் அரங்கத்துக்குப் போகிறாய் என்று கேள்விப்பட்டதில் எங்களுக்குப் பெருமைதான். நீ அனுப்பிய திட்டத்தையும் பார்த்தோம். பாட்டு, மேளம், பதாகை, சட்டை நிறம் எல்லாம் வரிசையாக இருக்கிறது. திரும்பி வருவதற்கு மட்டும் "ஆட்டம் முடிந்ததும் கிளம்புகிறோம்" என்று ஒற்றை வரி. அந்த வரியில்தான் முதல் பஸ் எடுக்கும் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் கடைசியிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

ஒன்பது மணி ஆட்டம் என்று வைத்துக்கொள். 45, 15, 45, அதன்மேல் காயநேரம். விசில் ஊதும்போது பதினொன்று ஆக ஐந்து நிமிடம் இருக்கும். முடிவு தெரிந்தே ஆகவேண்டிய சுற்று என்றால் இன்னும் 30 நிமிடம், பிறகு பெனால்டி, நள்ளிரவைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகும் உங்களை வெளியே விடமாட்டார்கள். உள்ளூர்க் கூட்டம் கலையும்வரை வருகையாளர் பகுதியின் கதவை போலீஸ் மூடியே வைத்திருக்கும். அரை மணி நேரம் சாதாரணம், முக்கால் மணி ஆனாலும் ஆச்சரியப்படாதே. உன் நாற்பது பேரில் நாலு பேர் அப்போது கத்துவார்கள், "நாங்கள் என்ன குற்றவாளிகளா?" என்று. அவர்களிடம் இரண்டு தேதிகளைச் சொல். 2014 டிசம்பர் 7, ஷா ஆலாம்: வியட்நாமிடம் மலேசியா தோற்ற ஆசியான் கிண்ண அரையிறுதி ஆட்டத்தில் வியட்நாம் ரசிகர்கள் தாக்கப்பட்டார்கள். 2019 செப்டம்பர் 5, ஜகார்த்தா: உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் இந்தோனேசியாவை 3-2 என்று மலேசியா வென்ற இரவில், இதே மலேசிய ரசிகர்கள்தான் அடிவாங்கும் நிலையில் இருந்தார்கள். கதவை மூடி வைப்பது இதற்காகத்தான். அந்த அரை மணியில் கழிவறை, தண்ணீர், தலை எண்ணிக்கை மூன்றையும் முடித்துவிடு.

பஸ் கிளம்பும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிடும். சுமார் 350 கிலோமீட்டர், நடுவில் ஒரு நிறுத்தம். எல்லைக்கு வரும்போது விடியற்காலை ஐந்து. வார நாளென்றால் ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் கூட்டம் நாலு மணிக்கே கிளம்பியிருக்கும். கடற்பாலத்தில் அந்த நேரம் மோட்டார் சைக்கிள் வரிசையும் பஸ் வரிசையும் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே திரும்புவது துவாஸ் இரண்டாம் பாலம் வழியாக என்று ஓட்டுநரிடம் முன்கூட்டியே பேசிவிடு. இரண்டாவது ஓட்டுநர் கட்டாயம். காலையில் கிளம்பி வந்த ஒரே மனிதர் நள்ளிரவில் அதே பஸ்ஸைத் திரும்ப ஓட்டுவது எங்களுக்குச் சம்மதமில்லை. இரண்டாவது ஆளுக்கான செலவைத் தலைக்கு இத்தனை என்று பிரித்துப் பார், பெரிய தொகையாக வராது. மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்குப் போகவேண்டியவர்கள் விடுப்பு எடுத்தார்களா என்று பெயர் எழுதும்போதே கேள். 2023 ஜனவரி 3 அன்று இதே அரங்கத்தில் மலேசியாவோடு நாம் ஆடியது ஒரு செவ்வாய்க்கிழமை. 4-1 தோல்வி ஒருபுறம் இருக்க, புதன்கிழமை காலை அலுவலகமும் இருந்தது.

இனிப் போகும் பயணம். பள்ளி விடுமுறையும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்தால் எல்லையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. மலேசியாவோடு நாம் ஆடிய 2024 டிசம்பர் 20 அப்படிப்பட்ட நாள்தான். ஒன்பது மணி ஆட்டத்துக்குக் காலை ஒன்பது மணிக்கே கிளம்பு. "பன்னிரண்டு மணி நேரமா?" என்று சிரிப்பார்கள். எல்லைக்கு மூன்று, சாலைக்கு ஐந்து, சாப்பாட்டுக்கும் கழிவறைக்கும் ஒன்று, நுழைவாயில் சோதனைக்கு ஒன்று. மீதி இரண்டு மணி நேரம் ஆயர் குரோவுக்கும் சிரம்பானுக்கும் நடுவில் எங்காவது ஒரு லாரி கவிழ்ந்து கிடந்தால் என்பதற்காக.

சோதனைச்சாவடியில் இரண்டு முறை எல்லாரும் இறங்கி ஏறவேண்டும். ஆள் தொலைவது பெரும்பாலும் இங்கேதான், அரங்கத்தில் அல்ல. அதே நிறத்தில் பத்து பஸ் நிற்கும். பதிவு எண்ணைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்பு. அதோடு ஒரு தாளிலும் எழுதிக் கொடு, ஏனென்றால் அந்த இடத்தில் சிங்கப்பூர் அலைவரிசையா மலேசிய அலைவரிசையா என்று தெரியாமல் கைத்தொலைபேசி தடுமாறும். நாற்பது பேரை நீயே எண்ணாதே. எட்டு எட்டாகப் பிரித்து ஐந்து பேரிடம் கொடு. "எட்டு" என்று ஐந்து குரல் வந்தால்தான் பஸ் நகரும்.

ஆவணங்கள். கடப்பிதழ் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் ஒருவராவது ஐந்து மாதத்தோடு வருவார். பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாருடைய முதல் பக்கத்தையும் வாங்கிப் பார். மலேசியாவின் மின்னியல் வருகை அட்டை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத் தேவையில்லை. அதனாலேயே மற்றவர்களுக்குத் தேவை என்பது மறந்துபோகும். உன் பட்டியலில் இந்தியக் கடப்பிதழோடு இங்கே வேலை செய்யும் தமிழ்நாட்டுத் தம்பிகள் இருக்கிறார்கள், நிரந்தரவாசிகளும் இருக்கிறார்கள். அவர்கள் போகும் நாளுக்கு முன் மூன்று நாளுக்குள் அதை நிரப்பவேண்டும். விசா விதியையும் அவர்கள் அந்த வாரமே ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். ஒருவர் முகப்பில் நின்றுகொண்டு கைத்தொலைபேசியில் படிவம் நிரப்பினால் முப்பத்தொன்பது பேர் வெயிலில் நிற்பார்கள்.

தனிக் காரில் வருகிறேன் என்பவர்களுக்கு ஒரு பத்தி போதும்: வாகன நுழைவு அனுமதி (2025 ஜூலை 1 முதல் இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம்), முக்கால் டாங்கி பெட்ரோல், சாலைக் கட்டணத்துக்கு டச் அண்ட் கோ அட்டையில் காசு. பொதுப் பேருந்தில் வருபவர்கள் கோலாலம்பூரின் தெற்கு ஒருங்கிணைந்த முனையத்தில் இறங்கி, பண்டார் தாசேக் செலாத்தானில் எல்ஆர்டி ரயில் ஏறினால் சுங்கை பெசி, அடுத்தது புக்கிட் ஜாலில். இரண்டே நிலையம். ஆனால் திரும்பும்போது ரயில் நள்ளிரவை ஒட்டி நின்றுவிடும், கதவு மூடி வைக்கும் அரை மணியைக் கழித்துப் பார்த்தால் அந்த ரயில் கிடைக்காமலும் போகலாம். அவர்களுக்கு உன் பஸ்ஸில் இரண்டு காலி இருக்கை வைத்திரு.

நுழைவுச்சீட்டு சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கம் வழியாக வரும் வருகையாளர் பங்கிலிருந்துதான் வாங்கவேண்டும். அது தாமதமாக விற்பனைக்கு வரும். பொறுமை இழந்து மலேசியத் தளத்தில் வாங்குபவர்கள் மலேசிய ரசிகர்களின் மஞ்சள் சட்டைக் கடல் நடுவில் சிவப்புச் சட்டையோடு உட்காருவார்கள், அல்லது வாசலிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள். இரண்டு பேர் அப்படி வாங்கிவிட்டார்கள் என்று உன் குறிப்பில் இருக்கிறது. அவர்கள் வெறும் வெள்ளைச் சட்டையில் போகட்டும், சிங்கப்பூர் கோல் அடித்தால் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்ளட்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நுழைவாயிலில் தண்ணீர் போத்தல், குடை, கொடிக் கம்பு எல்லாம் போய்விடும். மழைக்கு மடித்து வைக்கும் மழைச் சட்டை எடுத்துக்கொள். கோலாலம்பூரில் மாலை மழை விருந்தாளி மாதிரி வராது, வீட்டுக்காரன் மாதிரி வரும். பதாகையின் அளவையும் எழுத்தையும் படமெடுத்து முன்கூட்டியே அனுப்பி அனுமதி வாங்கு, மேளத்துக்கும் மெகாஃபோனுக்கும் அப்படியே. கடுமையாகத்தான் சோதிப்பார்கள். 2015 செப்டம்பரில் ஷா ஆலாமில் சவூதி அரேபியாவுடனான ஆட்டம் 87ஆவது நிமிடத்தில் நின்றதே உள்ளூர் ரசிகர்கள் எறிந்த தீப்பந்தங்களால்தான். லேசர் விளக்கு யாராவது பையில் வைத்திருந்தால் பஸ்ஸிலேயே பிடுங்கிவிடு. 2010 ஆசியான் கிண்ண இறுதியின் முதல் ஆட்டம் இதே புக்கிட் ஜாலிலில் லேசரால் சில நிமிடம் நிறுத்தப்பட்டது.

பாட்டைப் பற்றி உன்னோடு கொஞ்சம் சண்டை போடவேண்டும். பன்னிரண்டு பாட்டு எழுதி அச்சடித்திருக்கிறாய். நாலு போதும். அறுபதாயிரம் பேர் பாடும்போது நம் பகுதியில் நானூறு பேரே பாடினாலும் உன் பக்கத்து இருக்கைக்காரருக்கே கேட்காது. 2023இல் அங்கே வந்த கூட்டம் 65,000ஐத் தாண்டியது. அவர்கள் மேளத்தோடு போட்டி போடாதே, அவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் புகுந்துகொள். அந்த இடங்கள் தெரிந்தவைதான்: மலேசியா ஒரு வாய்ப்பைத் தவறவிட்டு "ஆ…" என்று அரங்கமே அடங்கும் நொடி; நம் கோல்காவலர் பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடக்கும் அந்தப் பத்து நொடி; யாராவது காயம்பட்டு விழுந்து ஆட்டம் நிற்கும் நேரம். மெகாஃபோன் பிடிப்பவர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும், கூட்டத்தைப் பார்த்தபடி. ஆட்டம் பார்க்க ஆசைப்படுபவரிடம் அந்த வேலையைக் கொடுக்காதே. மேளக்காரர் அவர் கையைப் பார்க்கவேண்டும், பந்தை அல்ல. இரண்டு ஆள் வைத்து 45 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்று. மேளத்துக்கு நேர் முன்னால் உட்காருபவர்களுக்குக் காதில் வைக்கப் பஞ்சு கொடு.

முதல் அரை மணியில் தொண்டையைத் தீர்த்துவிடுவது எல்லாரும் செய்வது. 2024 டிசம்பரில் ஆசியான் கிண்ணத்தில் 0-0 இருந்தாலே நமக்கு அரையிறுதி, மலேசியாவுக்கு வெற்றி வேண்டும். அந்த மாதிரி ஆட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம்தான் முழுக் கணக்கும். ஹாங்காங்கில் 2025 நவம்பர் 18 அன்று இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம். ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் அடித்தது இரண்டாம் பாதியில். குரலை அதற்கு மிச்சம் வைத்திருந்தவர்களுக்குத்தான் ஆசியக் கிண்ணத் தகுதியைப் பாட முடிந்தது.

மலேசிய நாட்டுப்பண் நெகாராகூ ஒலிக்கும்போது தொப்பியைக் கழற்றி நேராக நில்லுங்கள், யாரும் பேசக்கூடாது. நம் நாட்டுப்பண் மாஜுலா சிங்கப்பூராவுக்கு அங்கே சத்தம் போடுபவர்கள் இருப்பார்கள். பதிலுக்கு நம் ஆட்கள் சத்தம் போட்டால் மெகாஃபோனை இறக்கி வைத்துவிடு.

பஸ்ஸில் பாதிப் பேர் முஸ்லிம்கள். மஹ்ரிப் தொழுகை நேரம் ஏழிலிருந்து ஏழரை மணி வாக்கில் வந்துவிடும். அதற்குள் அரங்க வளாகத்துக்கு வந்து சேர்ந்தால் அவர்கள் சூராவுக்கு (தொழுகை அறைக்கு) அவசரமில்லாமல் போய்வரலாம். அப்போது பைகளையும் பதாகையையும் மற்றவர்கள் காப்பது வழக்கம். நாலு மொழிக்காரர்கள் ஒரே பஸ்ஸில் போகும்போது இந்தச் சின்ன ஏற்பாடுகள்தான் ஒட்டு. சாப்பாடும் அப்படியே: நிறுத்தம் எங்கே என்று வாக்கெடுப்பு வைக்காதே, ஹலாலும் சைவமும் சேர்ந்து கிடைக்கும் இடத்தை நீயே முடிவு செய். சுங்கத் தீர்வையும் ஞாபகம் இருக்கட்டும். மலேசியாவிலிருந்து திரும்பும்போது மதுவுக்குச் சலுகை கிடையாது, சிகரெட்டுக்கும் கிடையாது, வேப் தடை. ஒருவர் பையில் இருந்தால் விடியற்காலை ஐந்து மணிக்கு மொத்த பஸ்ஸும் நிற்கும்.

மலேசிய ரசிகர்களைப் பற்றிப் பயமுறுத்திவிட்டோமோ என்று தோன்றுகிறது. பகலில் மாமாக் கடையில் சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்தால் பக்கத்து மேசையிலிருந்து கிண்டல் வரும், அதோடு தே தாரிக் தேநீரும் வரும். அங்குள்ள தமிழ் ரசிகர்களிடம் 2010இல் ஆசியான் கிண்ணம் வாங்கிக் கொடுத்த பயிற்றுநர் ராஜகோபாலைப் பற்றியும், கோல்காவலர் ஆறுமுகத்தைப் பற்றியும் பேச்சுக் கொடு. அரை மணி நேரம் ஓடிவிடும். நீ பதிலுக்கு 1998 ஆசியான் கிண்ண இறுதியில் ஹனோயில் சசிகுமார் தோளால் அடித்த கோலைச் சொல். 2012 நவம்பரில் இதே அரங்கத்தில் நாம் மலேசியாவை 3-0 என்று வென்றதை மட்டும் ஆட்டத்துக்கு முன்னால் எடுக்காதே. கழுத்துத்துணி மாற்றிக்கொள்ளக் கேட்பார்கள், இரண்டு மூன்று கூடுதலாக எடுத்துக்கொள். இரவில் வெளியேறும்போது மட்டும் சட்டைக்கு மேல் ஜாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள், வென்றிருந்தால் கண்டிப்பாக.

உன் பஸ்ஸில் இரண்டு பெரியவர்கள் வருகிறார்கள். 1994 டிசம்பர் 17, ஷா ஆலாம், பஹாங்குக்கு எதிராகச் சிங்கப்பூர் வென்ற மலேசியக் கிண்ண இறுதி, 4-0, எல்லை தாண்டிப் போன ஆயிரக்கணக்கானோர் என்று அவர்கள் ஆரம்பிப்பார்கள். போகும் வழியில் பகோ ஊர் வரைக்கும் பேசட்டும், இளைஞர்கள் கேட்கவேண்டியதுதான். அதற்குப் பிறகு ஜன்னல் திரையை இழுத்துவிடு, திரும்பும் இரவுக்கு எல்லாருக்கும் தூக்கம் வேண்டும்.

கடப்பிதழ் பக்கங்களும், எட்டு எட்டாகப் பிரித்த பட்டியலும், இரண்டாவது ஓட்டுநரின் எண்ணும் வந்துசேர்ந்ததும் எங்களுக்கு ஒரு நகல் அனுப்பு. அந்த இரவு முழுக்க இங்கே ஒருவர் தொலைபேசியை எடுக்கிற மாதிரி விழித்திருப்போம்.

அன்புடன்,
உன் அண்ணன்மாரும் அக்காமாரும்