முகவார்ப்பு எடுத்த கைகளுக்கு

பேரன்புடையீர், வணக்கம்.

என் இடது காது நரம்பில் இருந்த கட்டிக்குச் சென்னையில் சைபர்நைஃப் என்னும், கத்தி படாமல் ரோபோ கதிர் பாய்ச்சும் கதிர் அறுவைச் சிகிச்சை பெற்று ஆறு மாதங்கள் ஆகின்றன. சென்ற வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டி வளரவில்லை என்று தெரிந்ததும் இம்மடலை எழுத அமர்ந்தேன்.

காதில் கேட்ட இரைச்சலை அழுக்கு என்று எண்ணி ஓராண்டாகச் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்த என்னை, ஒரு காது மட்டும் மந்தமானால் படம் எடுத்தே தீர வேண்டும் என்று வற்புறுத்தியவர் எங்கள் ஊர்க் காது மூக்குத் தொண்டை மருத்துவர். அவருக்கே முதல் நன்றி. கட்டி மறையாது, வளர்ச்சி நிற்பதே வெற்றி, தொடக்கத்தில் அது சற்று வீங்கவும் கூடும் என்று ஒளிக்காமல் சொன்ன கதிரியக்க மருத்துவருக்கும் நான் கடன்பட்டவன்.

ஆனால் நோயாளிகள் அதிகம் பார்க்காத ஒருவரைப் பற்றியே நான் விரிவாகச் சொல்ல வேண்டும். சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்தி, மூளைத்தண்டுக்கும் உட்காதின் நத்தை எலும்புக்கும் கதிர் மிகாதபடி, நூற்றுக்கும் மேற்பட்ட திசைகளிலிருந்து மெல்லிய கதிர்கள் கட்டியில் மட்டும் சந்திக்குமாறு கணக்கிட்டவர் மருத்துவ இயற்பியலர். நாளொன்றுக்கு 6 கிரே (கதிர் அளவின் அலகு) வீதம் மூன்று நாள் என்பதை எனக்குப் புரியும்வரை அவர் விளக்கினார். 1951இல் சுவீடனின் லார்ஸ் லெக்செல் கதிர் அறுவை என்ற கருத்தை வெளியிட்ட பிறகு நெடுங்காலம் மண்டையோட்டில் சட்டகத்தைத் திருகிப் பொருத்தியே அச்சிகிச்சையைச் செய்தார்களாம். அவரிடம் பயின்ற ஜான் ஆட்லர் அதைத் தவிர்க்கும் சைபர்நைஃபை உருவாக்கி, 1994இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் அதைக் கொண்டு முதல் நோயாளிக்குச் சிகிச்சை அளித்தார் என்றும் இயற்பியலரே சொன்னார். திருகுக்குத் தப்பினேன் என்ற நிம்மதியில் அன்றிரவு உறங்கினேன்.

சிகிச்சையின்போது தலை அசையாதிருக்க, வெந்நீரில் இளகிய வலைத்தகட்டை என் முகத்தில் படியவைத்து முகவார்ப்பு எடுத்த தொழில்நுட்பர், மூச்சு முட்டுகிறதோ என்று நான் பதறியபோது, "கண்ணை மூடிக்குங்க ஐயா, நான் இங்கேயேதான் இருக்கேன்" என்றார். சிகிச்சையின்போது அறையில் எவரும் இருக்கக் கூடாது. இருந்தும், ஒலிபெருக்கியில் வந்த அந்தக் குரல் மூன்று நாளும் என்னைத் தனியே விடவில்லை. மேலிருந்து எக்ஸ்ரே படமெடுத்து என் தலை அசைவைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொண்ட இயந்திரக் கையைவிட அக்குரலே எனக்குத் துணை.

மூன்று நாளும் குரோம்பேட்டையிலிருந்து அழைத்து வந்த தங்கை வீட்டுக்காரருக்கும், விடுப்பெடுத்து உடனிருந்த மகளுக்கும் நன்றி.

முகவார்ப்பை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கிறேன். பேரன் அணிந்து பார்க்கக் கேட்கிறான், இன்னும் கொடுக்கவில்லை.

நன்றியுடன்,
தஞ்சாவூர் வாசகர் ஒருவர்