9-ஆம் பாகத்தைத் திருத்துங்கள், என் 349 ரூபாயைத் திருப்பித் தாருங்கள்

வணக்கம்.

கசார்கள் பற்றிய உங்கள் 9 பாக ஒலித்தொடரைப் போன மாதம் 349 ரூபாய் கட்டி வாங்கினேன். அப்பாவுக்காகத்தான். கண்புரை அறுவைக்குப் பிறகு அவரால் ரொம்ப நேரம் படிக்க முடியவில்லை, சரி, காதால் கேட்கட்டும் என்று.

முதல் ஆறு பாகம் அருமை, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. துருக்கிய மொழி பேசிய ஒரு மேய்ச்சல் கூட்டம் 7-ஆம் நூற்றாண்டில் வோல்காவுக்கும் கருங்கடலுக்கும் நடுவில் பேரரசு கட்டியது, கும்பிட ஒரு ககான் (பேரரசர்), வேலை பார்க்க ஒரு பெக் (ஆட்சியை நடத்துபவர்), தலைநகரான இத்திலில் யூதருக்கு 2, முஸ்லிம்களுக்கு 2, கிறிஸ்தவர்களுக்கு 2, மற்றவர்களுக்கு 1 என்று ஏழு நீதிபதிகள். இந்த இடத்தை அப்பா திரும்ப ஓட்டிக் கேட்டார்.

சறுக்கல் 7-ஆம் பாகத்தில் ஆரம்பம். ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் 1999-இல் ஒரு பண்ணை நிலத்தில் 14,000-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதில் ஒன்று கசார்கள் அடித்தது. பார்க்க அரபு திர்ஹம் மாதிரியே இருக்கும், 'முகம்மது அல்லாஹ்வின் தூதர்' என்று வரவேண்டிய இடத்தில் மட்டும் 'மூசா அல்லாஹ்வின் தூதர்' என்று இருக்கும், மூசா என்றால் யூதர்களின் தீர்க்கதரிசி மோசே. ஹிஜ்ரி 223, அதாவது 837-838. எவ்வளவு அழகான சான்று! அதை வைத்து "நாடே யூத மதத்துக்கு மாறிவிட்டது" என்று முடித்துவிட்டீர்கள். காசு அடித்தது அரண்மனை, ஆடு மேய்த்தவன் யாரைக் கும்பிட்டான் என்று அந்தக் காசு சொல்லாது. அரசரும் பெரிய மனிதர்களும்தான் யூதர்கள், மற்றவர்கள் துருக்கியரின் பழைய வழிபாட்டில்தான் இருந்தார்கள் என்று 10-ஆம் நூற்றாண்டின் புவியியல் எழுத்தாளர் இப்னு ருஸ்தாவே எழுதியிருக்கிறார்.

அதைக்கூட விட்டுவிடலாம். 9-ஆம் பாகம் மன்னிக்க முடியாதது. 965-இல் கியேவின் அரசர் ஸ்வியாதோஸ்லாவ் கசார்களின் சார்க்கெல் கோட்டையைப் பிடித்தது வரை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த கதை, திடீரென்று "ஐரோப்பிய யூதர்கள் எல்லாரும் வேஷம் போட்ட கசார்கள், இன்றும் உலகத்தை ஆட்டிவைப்பவர்கள், டிஎன்ஏ நிரூபித்துவிட்டது" என்று போகிறது. என்ன நிரூபித்தது? கசார் தொடர்பைச் சொன்ன அந்தப் பிரபலமான ஆய்வில், கசார் யாரும் கையில் இல்லாததால் இன்றைய ஆர்மீனியரையும் ஜார்ஜியரையும் கசாருக்குப் பதிலாக வைத்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். கசார் நிலமாக இருந்த பகுதிகளின் மக்களையும் சேர்த்துப் பார்த்த 2013 ஆய்வில் அப்படி எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. மொழியைப் பார்த்தாலே போதும், அந்த யூதர்களின் பாட்டிமார் பேசிய இத்திஷ் ஜெர்மானிய மொழி, அதில் எபிரேயமும் ஸ்லாவியச் சொற்களும் கலந்திருக்கும், துருக்கிய மொழி பேசிய கசார்களின் வழிவந்தவர்கள் என்றால் அந்த மொழியின் வாசனையாவது கொஞ்சம் அடிக்க வேண்டாமா? இந்தக் கசார் வம்சக் கருத்தை 1976-இல் பிரபலமாக்கிய எழுத்தாளர் ஆர்தர் கெஸ்லரே யூதர்தான், யூத வெறுப்பைக் குறைக்கலாம் என்ற நினைப்பில் எழுதினார். அது வெறுப்பவர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. இதில் ஒரு வரியாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் காலை காபி டம்ளரோடு வந்து அப்பா, "ஏம்ப்பா, அப்போ இவங்க யூதர்களே இல்லையாமே?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அந்தப் பாகத்தின் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். சின்ன அத்தை அதை இன்னும் மூன்று குழுவுக்கு அனுப்பிவிட்டாள்.

உங்கள் உதவி மையத்துக்கு எழுதினேன். "தொடரில் 70 சதவீதத்துக்கு மேல் கேட்டுவிட்டதால் பணம் திருப்பித்தர இயலாது" என்று பதில். தப்பு கடைசிப் பாகத்தில் இருக்கும்போது அதைக் கேட்காமல் எப்படிக் கண்டுபிடிப்பதாம்? அப்புறம் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் "உங்கள் கருத்துக்கு நன்றி" மட்டும்தான் வந்தது.

எனக்கு வேண்டியது: 9-ஆம் பாகத்தை எடுத்துவிட்டுத் திருத்திப் போடுங்கள், 7-ஆம் பாகத்தின் அந்தக் காசு விளக்கத்தைச் சரிசெய்யுங்கள், ஏற்கெனவே கேட்டவர்களுக்குச் செயலியிலேயே அறிவிப்பு அனுப்புங்கள். பணத்தையும் திருப்பித் தாருங்கள். ரசீதை இணைத்திருக்கிறேன். அறிவிப்பு வந்தால் அதை அதே வாட்ஸ்அப் குழுவில் நானே போட்டுக்கொள்கிறேன், அத்தைக்குத் தனியாகவும் அனுப்ப வேண்டியிருக்கும்.