தலைமையாசிரியரை மிரட்டினால் பாதிக்கப்படுவது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளித் தலைமையாசிரியர்களைச் சில பெற்றோர் மிரட்டுவதையும் விடாமல் தொல்லைப்படுத்துவதையும், “அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் இதெல்லாம் இருக்கத்தானே செய்யும்” என்று சொல்லிக் கடந்துபோகும் வழக்கம் வேரூன்றிவிட்டது. முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணியில் இருந்து, அவற்றில் கடைசி ஒன்பது ஆண்டுகள் தலைமையாசிரியையாகப் பொறுப்பு வகித்து ஓய்வுபெற்றவள் நான். இந்த மிரட்டலால் இறுதியில் அடிபடுவது பெரும்பாலும் ஏதோ ஒரு பிள்ளைதான் என்பதை அனுபவத்தில் கண்டதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன்னோடு படிக்கும் மாணவனைத் தள்ளி அடித்ததில் அடிபட்டவனுக்குக் கை எலும்பு முறிந்தது. பார்த்தவர்களை விசாரித்து, இருவரிடமும் எழுதி வாங்கிய பிறகு, அடித்தவன் ஒரு வாரம் வகுப்புக்கு வர வேண்டாம் என்று முடிவு செய்தேன். மறுநாள் காலை அவனுடைய தந்தை நான்கைந்து பேரை அழைத்துக்கொண்டு என் அறைக்குள் வந்தார். ஒருவர் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டே இருக்க, மற்றவர்கள் மேசையைத் தட்டி ஒருமையில் பேசினார்கள். அன்றிரவு நள்ளிரவு தாண்டியும் அழைப்புகள் ஓயவில்லை. நான் பேசியதன் முன்னும் பின்னும் வெட்டிய ஒலிப்பதிவு ஒன்று பெற்றோரின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியது. என் வீட்டு முகவரியையும் யாரோ அதில் பகிர்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் மேலதிகாரி அழைத்து, “வளர்க்காதீர்கள், பையனைச் சேர்த்துக்கொண்டு முடித்துவிடுங்கள்” என்றார். நானும் பணிந்தேன். கட்டுப்போட்ட கையோடு நின்ற மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிபட்ட மாணவனின் தாய், “எங்களுக்காகப் பேச நாலு பேர் இல்லைங்க டீச்சர், அதனாலதானே?” என்று கேட்டார். அவர் கேட்டது முழு உண்மை. அந்த ஆண்டு முடிவில் அவர்தாம் மகனுக்கு மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு வேறு பள்ளிக்குப் போனார்.

குறை சொல்வது பெற்றோரின் உரிமை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆசிரியர்கள் தவறு செய்வதுண்டு, தலைமையாசிரியர்களும் செய்வதுண்டு. வாயிற்கதவோடு பெற்றோரைத் திருப்பி அனுப்பும் பள்ளிகளே பல சண்டைகளுக்கு வித்திடுகின்றன என்பதையும் மறுக்க மாட்டேன். பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்ற பதற்றத்தில் ஒரு தாய் குரலை உயர்த்துவதைத் தொல்லை என்று எந்த நல்ல தலைமையாசிரியரும் எண்ணுவதில்லை. நடந்தது என்ன என்று கேட்பது முறையீடு. கேட்டதைத் தராவிட்டால் உன் பெயரையும் வேலையையும் கெடுப்பேன் என்பது மிரட்டல். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டிய கல்வி அதிகாரிகள், சத்தம் அடங்கினால் போதும் என்று பள்ளியின் முடிவைத் தொலைபேசியிலேயே மாற்றிவிடுவதால்தான் மிரட்டுபவருக்குத் துணிவு வருகிறது. ஒருமுறை பணிந்த தலைமையாசிரியர் அடுத்தமுறை முடிவெடுக்கவே தயங்குவார். அதைக் கண்ட வகுப்பாசிரியர், மாணவர் சண்டையைப் பார்த்தும் பாராததுபோல் இருந்துவிடுவார். தகுதி நிறைந்த மூத்த ஆசிரியர்கள் பதவி உயர்வே வேண்டாமென்று எழுதிக் கொடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

இது ஓர் ஊரின் சிக்கல் அன்று. ஆஸ்திரேலியாவில் 2011 முதல் ஆண்டுதோறும் பள்ளித் தலைவர்களிடம் நடத்தப்படும் ஆய்வில், அண்மை ஆண்டுகளில் ஏறத்தாழ பாதிப் பேர் வன்முறை மிரட்டலுக்கு ஆளானதாகச் சொல்லியிருக்கிறார்கள்; மிரட்டியவர்களில் மாணவர்களும் உண்டு, பெற்றோரும் உண்டு. அந்நாட்டின் விக்டோரியா மாநிலத்தில், அத்துமீறும் பெற்றோர் பள்ளிக்குள் நுழையவும் ஊழியர்களைத் தொடர்புகொள்ளவும் தடை விதிக்கும் ஆணை 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அத்தடை அதிகபட்சம் 12 மாதங்கள் நீடிக்கலாம்; அதை எதிர்த்து மறுஆய்வு கோரவும் பெற்றோருக்கு வழியுண்டு. பள்ளி வளாகத்தில் அனுமதியின்றி நுழைந்து இடையூறு விளைவிப்பது இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி குற்றமாகும்.

இத்தகைய சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. முறையீட்டை எழுத்தில் பெற்று, குறித்த நாளுக்குள் எழுத்திலேயே பதில் தரும் ஏற்பாடு ஒவ்வொரு பள்ளியிலும் வேண்டும். கடுமையான சந்திப்புகளில் தலைமையாசிரியரைத் தனியே விடாமல் இன்னோர் ஆசிரியரும் உடனிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, பள்ளியின் முடிவை மாற்ற நினைக்கும் அதிகாரி, விசாரணைக் கோப்பைப் படித்துவிட்டு, காரணத்தை எழுதிக் கையெழுத்திட்டு மாற்றட்டும். அந்தக் காரணத்தை, அடிபட்ட பிள்ளையின் பெற்றோரை நேரில் அழைத்து அவரே சொல்லட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை