பெட்டிக்குள்ள சவர்க்காரம் இல்ல, அண்ணன்

ஸ்காபரோ, கனடா,
பெப்ரவரி 9.

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் இவளும் பிள்ளையளும் சுகம். நீங்க, மச்சி, பிள்ளையள், அம்மா எல்லாரும் சுகமா இருக்க மாமாங்கப் பிள்ளையாரக் கும்பிடுறன்.

போன கிழமை வொய்ஸ் மெசேஜில கேட்டிருந்தீங்க, "நீ பாவிக்கிற அந்தச் சவர்க்காரத்தில ரெண்டு கேன் பெட்டிக்குள்ள போட்டு விடு, தேய்க்காமலே ஊத்தை போகுமெண்டு சொன்னியே" எண்டு. மீன் ஏத்துற உங்கட சின்ன லொறி, அந்தப் பட்டாவத் தேய்ச்சுத் தேய்ச்சுத் தோள்மூட்டு கழண்டு போகுதெண்டும் சொன்னீங்க. பதில வொய்ஸில சொன்னா பாதியில நிப்பாட்டிப் போடுவீங்க. அதான் எழுதி, ஊருக்கு அனுப்புற பெட்டிக்குள்ள பால்மாவுக்கு மேல வைக்கிறன்.

முதல்லயே சொல்லிப் போடுறன், பெட்டிக்குள்ள சவர்க்காரம் இல்ல. கோவிக்காதீங்க. போன தடவ ஷம்புப் போத்தல் உடைஞ்சு அம்மாட சீலையெல்லாம் நுரையோட வந்து இறங்கின கதை மறந்திருக்காது. அத விடுங்க, நான் வாங்குற சாமானும் அங்க கல்முனையில வாகனச் சாமான் கடையில விக்கிற ஷம்புவும் கிட்டத்தட்ட ஒண்டுதான். அதப் போட்டுப் போட்டு நான் என்ன செய்யிறன் எண்டதச் சொன்னா உங்கட தோள் தப்பும். அதுக்கு என்ட வேலையப் பற்றியும் கொஞ்சம் சொல்லணும். நீங்க ஒருநாளும் கேட்டதில்ல, நானும் சொன்னதில்ல.

நான் ஓட்டுறது 16 அடிப் பெட்டி வச்ச வெள்ளை வாகனம், கியூப் வான் எண்டு சொல்லுவாங்க. விடிய மூண்டு மணிக்கு எழும்பி, மூண்டரைக்கு வெளிக்கிட்டு, எற்றோபிக்கோவில ஒன்டாரியோ பூட் டேர்மினலுக்குப் போவன். 1954இல திறந்த மொத்த மரக்கறிச் சந்தை அது. நம்மட தம்புள்ளச் சந்தையக் குளிர் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி நினைச்சுக் கொள்ளுங்க. அங்க ஏத்தி, வெளிச்சம் வர முதல் ஸ்காபரோவில தமிழ்க் கடைகளில இறக்கிப் போடணும். வெண்டிக்காய்ப் பெட்டியோட படியேறக்குள்ள மீசையில ஐஸ் பிடிக்கும். இத அம்மாட்ட சொல்லாதீங்க.

விண்டர் வந்தா ரோட்டு முழுக்க உப்புக் கொட்டுவாங்க. நம்மட குசினியில இருக்கிற அதே கல்லுப்புத்தான். பெரிய லொறி ஒண்டு விசிறிக் கொண்டு போகும். உப்புப் பட்ட தண்ணி பூச்சியத்துக்குக் கீழயும் உறையாது, அதுக்குத்தான். குளிர் இன்னும் கீழ இறங்கினா அதுவும் எடுபடாது. அந்த உப்புத் தண்ணி, டீசல் கரி, டயர்த் தூள் எல்லாம் சேர்ந்து வாகனத்தில சாம்பல் நிறத்தில ஒரு தோல் பிடிக்கும். காஞ்சா என்ட வெள்ளை வாகனம் திருநீறு பூசின சாமியார் மாதிரி நிக்கும்.

வெறும் தண்ணிய எவ்வளவு பலமா அடிச்சாலும் உப்புப் போகும், சேறு போகும், அந்தத் தோல் போகாது. ஈரத்தோட பாத்தா பளபளக்கும். காஞ்ச பிறகு விரலால ஒரு கோடு இழுத்தா, கோடு வெள்ளை, ரெண்டு பக்கமும் சாம்பல். முதலாளி அப்படித்தான் சோதிப்பார். எந்தக் குளிரிலயும் கையுறை கழட்டாத மனுசன், அதுக்கு மட்டும் கழட்டுவார்.

முதல் வருசம் நான் ஊர்ப் புத்தியிலதான் தொடங்கினன். வீட்டுக்கு முன்னால வாளியில சுடுதண்ணி, உடுப்புத் தோய்க்கிற தூள் ரெண்டு கரண்டி. அண்டைக்கு மைனஸ் 14. கதவில ஊத்தின தண்ணி நிலத்துக்கு வர முதல் ஐஸாப் போகுது. நுரை அப்பளம் மாதிரித் தகடு தகடா விறைச்சு நிக்குது. கதவு ரப்பருக்குள்ள போன தண்ணியும் உறைஞ்சு, அடுத்த நாள் விடிய கதவு திறபடல்ல. மற்றப் பக்கத்தால ஏறி, கியர் பொல்லுக்கு மேலால கால் போட்டு சீற்றுக்கு வந்தன். பக்கத்து வீட்டுக் கிழவி வேற கூப்பிட்டு, ரோட்டோரக் கானுக்குள்ள போற தண்ணி சுத்தம் பண்ணுப்படாம நேர ஏரிக்குத்தான் போகுது, இனி இஞ்ச கழுவாத எண்டுது. நியாயமான பேச்சு.

பிறகு ஒருத்தர்ட கதையக் கேட்டு, ஊதா நிறத்தில கிறீஸ் கழட்டுற திரவம் ஒண்டு வாங்கினன். சாமான் இறக்குறதுக்கு வாகனத்துக்குப் பின்னால அலுமினியத் தட்டு ஒண்டு இருக்கு. அதில தண்ணி கலக்காம அப்படியே அடிச்சிட்டுக் கோப்பி குடிக்கப் போனன். வந்து பாத்தா சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி வெள்ளைத் திட்டு. காரம் கூடின சாமான் வெறும் அலுமினியத்தத் தின்னும் எண்டு போத்தல்ல சின்ன எழுத்தில இருந்தது. நான் படிக்கல்ல. முதலாளி சம்பளத்தில 150 டொலர் வெட்டினார். அந்தத் திட்டு இண்டைக்கும் இருக்கு, ஒவ்வொரு நாளும் அதில ஏறி இறங்குறன்.

பெரிய ட்ரக் கழுவுற இடங்களில வேற மாதிரி. முதல்ல அமிலத் தன்மை உள்ள ஒண்ட அடிப்பாங்க, அது காய முதல் அதுக்கு மேல காரமானத அடிப்பாங்க. ரெண்டும் சேர்ந்து தோல உரிச்சுக் கொண்டு வரும், ஆரும் கை வைக்கிறதில்ல. நீங்க ஆசைப்படுற "தேய்க்காமலே" எண்டது உண்மையில அதுதான். ஆனா அது நமக்குச் சரிவராது. அவங்க கண்ணாடி, நீளக் கையுறை எல்லாம் போட்டுத்தான் நிப்பாங்க. அலுமினியம் மினுக்கிற சில சாமானில ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கும். கையில பட்டா உடன நோகாமலும் இருக்கும். கன மணித்தியாலம் கழிச்சு நோவு தொடங்கக்குள்ள அது தோலுக்குக் கீழ இறங்கியிருக்கும். அங்க ஆராவது சில்லு ரிங் மினுக்க எண்டு லேபல் இல்லாத போத்தல் நீட்டினா வாங்காதீங்க. சின்னவன் எல்லாத்தையும் திறந்து மணந்து பாக்கிற வயசு.

இப்ப நான் போறது காசு போட்டு நாமளே கழுவுற இடம். மூண்டு சுவர், ஒரு கூரை, சுவரில ஒரு மெஷின். டொலர்க் குத்தி போட்ட உடன மணிக்கூடு கீழ்நோக்கி எண்ணத் தொடங்கும். சவர்க்காரத் தண்ணி, வெறும் தண்ணி, மெழுகு எண்டு பல குமிழ் இருக்கும். முதல் மாதம் அந்த மணிக்கூட்டப் பாத்துப் பாத்து ஓடி ஓடிக் கழுவினன். சவர்க்காரம் அடிச்ச உடனயே தண்ணி அடிப்பன், நேரம் போகுதே எண்டு. காசும் போச்சு, விரல் கோடும் போகல்ல.

ஒருநாள் குத்தி தீர்ந்து போச்சு. சவர்க்காரத்தோட வாகனத்த விட்டிட்டு மாத்தக் கடைக்குப் போய் வர நாலைஞ்சு நிமிஷம் ஆயிட்டு. வந்து தண்ணி அடிச்சா, அண்ணன், அந்தச் சாம்பல் தோல் அப்படியே வழிஞ்சு கானுக்குள்ள ஓடுது. அதே சவர்க்காரம்தான், அதே மெஷின்தான். ஊற விட்டது மட்டும்தான் புதுசு. அம்மா உடுப்ப ஊறப் போட்டுட்டுத்தானே தோய்ப்பா, இத நான் கனடாவுக்கு வந்து காசு குடுத்துப் படிச்சிருக்கன்.

இப்ப நானே சவர்க்காரம் கலந்து, கையால பம்ப் அடிக்கிற சின்ன ஸ்ப்ரேயர்ல கொண்டு போறன். இடத்துக்காரர் ஒண்டும் சொல்ல மாட்டார். குத்தி போட முதல் வாகனம் முழுக்க அடிச்சுப் போடுவன். கீழ இருந்து மேல அடிக்கணும். மேல இருந்து அடிச்சா வழியுற கோடு காஞ்ச ஊத்தையில கீறல் மாதிரிப் பதிஞ்சு பிறகு போகாது. நாலு நிமிஷம் நிப்பன், காய விட மாட்டன். சவர்க்காரம் ஊறுற நேரத்துக்கு ஆரும் காசு கேக்கிறதில்ல. பிறகு குத்தியப் போட்டு, மேல இருந்து கீழ தண்ணி அடிச்சு, அடிச்சட்டத்துக்குக் கூட நேரம் குடுப்பன், உப்பு அங்கதான் ஒளிஞ்சிருக்கும். கடைசியில கதவு ரப்பரத் துடைக்காம வெளிக்கிட மாட்டன். அங்க நுரை வாற பிரஷ் ஒண்டு தொங்கும், அதத் தொடவே மாட்டன். எனக்கு முதல் கழுவினவன்ட மண் முழுக்க அதுக்குள்ள.

சாமான் என்ன எண்டா, சாதாரண வாகன ஷம்பு. அமிலமும் இல்ல, காரமும் இல்ல, நடுநிலை. என்ட கேன்ல 4 லீற்றர் தண்ணிக்கு 30 மில்லி எண்டு போட்டிருக்கு. கூடப் போட்டாக் கூட வெளுக்காது, அலசுற தண்ணிதான் கூடும்.

இனி உங்கட பட்டா. உங்கட ஊத்தை வேற. வாழைச்சேனையில ஏத்துற மீன்பெட்டித் தண்ணி, பட்டிருப்புப் பாலம் தாண்டினாப் படுவான்கரைக் கிறவல் புழுதி, மாரியில சேறு. ஆனா உப்பு ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். எனக்கு ரோட்டால வருது, உங்களுக்கு மீனால வருது. பெட்டிக்குக் கீழ தகடு உக்கிறதுக்கு அதுதான் காரணம், பட்டாவக் குறை சொல்லாதீங்க. உப்பக் கழட்ட சவர்க்காரம் தேவையில்ல, நல்ல தண்ணி போதும். ஆனா நம்மட கிணறு சவர், கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில இன்னும் மோசம். அதால உப்பக் கழுவி உப்பத்தான் திரும்பப் பூசுறீங்க. கிணத்துத் தண்ணியிலயே கழுவுங்க, கடைசி ரெண்டு வாளி மட்டும் குழாய்த் தண்ணி.

சன்லைட் கட்டியையும் விட்டிடுங்க. அந்தத் தண்ணியில கட்டிச் சவர்க்காரம் நுரைக்காது, தண்ணியில இருக்கிற சுண்ணாம்போட சேர்ந்து வெள்ளைப் படையா ஒட்டும். நீங்க தோள் கழண்டு தேய்க்கிறதில பாதி அந்தப் படையத்தான். உடுப்புத் தூள் காரம். மூத்தவள் பள்ளிக்கூடத்தில பாசிச்சாயத்தாள் படிச்சிருப்பாள், சிவப்புத் தாள் ஒண்டு கொண்டு வந்து தூள் கரைச்ச தண்ணியில தோய்க்கச் சொல்லுங்க, நீலமா மாறும். ஷம்புக் கரைசல்ல சிவப்புத் தாளும் நீலத் தாளும் ரெண்டுமே மாறாட்டி அது வாங்கக் கூடிய சாமான். பாத்திரம் கழுவுற திரவம் அவசரத்துக்குப் பரவாயில்ல, நாள்பட மினுக்கத்தக் கொண்டு போயிரும்.

மீன் ஏத்துற தட்டுக்கு முதல்ல பச்சத் தண்ணி அடிங்க. சுடுதண்ணி ஊத்தினா மீன்ட வழுவழுப்பு அவிஞ்சு ஒட்டிப் போகும், பிறகு மணமும் போகாது. வழுவழுப்புப் போன பிறகு சவர்க்காரம்.

ஸ்ப்ரேயருக்கு எங்க போறதெண்டு யோசிக்காதீங்க. வயலுக்கு மருந்து எண்ணெய் அடிக்கிற மெஷின், 16 லீற்றர் பிடிக்குமே, அதுல புதுசா ஒண்டு வாங்குங்க. மாமாட பழையத வாங்காதீங்க, புல்லுக்கு அடிச்ச எண்ணெய் எவ்வளவு அலசினாலும் உள்ள நிக்கும். மெஷின் நிறையத் தண்ணிக்கு 120 மில்லி ஷம்பு, பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு அடிங்க. நம்மட வெயில்ல தகரம் சுடக்குள்ள அடிச்சா ஊற முதல் காஞ்சு புள்ளி புள்ளியா நிக்கும். புழுதிய முதல்ல தண்ணியாலயே கழட்டிப் போட்டுத்தான் துணி வைக்கணும், கிறவல் மண்ணோட துணி வச்சா அரத்தால தேய்ச்ச மாதிரி. சேர்விஸ் ஸ்டேசன்ல பிரஷர் தண்ணி அடிக்கிற பொடியன்ட்ட, முன் கண்ணாடிக்கு மேல ஒட்டின எழுத்துக்குக் கிட்டப் பிடிக்க வேணாம் எண்டு சொல்லுங்க. போன படத்திலயே "அம்மா"வில "அ" பாதி உரிஞ்சிருக்கு.

ஒண்டு சொன்னாக் கோவிப்பீங்க, எண்டாலும் சொல்லுறன். பாலத்துக்குப் பக்கத்தில பட்டாவ வாவிக்குள்ள இறக்கிக் கழுவுறத விடுங்க. நானும் உங்களோட இறங்கிக் கழுவினவன்தான். சவர்க்காரத் தண்ணி மீன்ட செவுளைத்தான் முதல்ல அரிக்கும். நீங்க மீன் விக்கிற ஆள். அதோட வாவித் தண்ணி உப்புத்தானே.

பெட்டிக்குள்ள மைக்ரோபைபர் துணி 12 இருக்கு, நீலம் வாகனத்தத் துடைக்க, மஞ்சள் கண்ணாடிக்கு, மச்சி குசினிக்கு எடுக்க முதல் ஒளிச்சு வைங்க. மில்லி அடிச்ச அளவுக் கோப்பை ஒண்டு துணிக்குள்ள சுத்தி வச்சிருக்கன். அம்மாக்கு முழங்கால் பட்டி, சின்னவனுக்குச் சப்பாத்து, அளவு கூடினா ஒரு வருசம் வைக்கட்டும்.

பெட்டி வெள்ளிக்கிழமை போகுது, கப்பல்ல எண்டபடியால் சித்திரைக்கு வருமோ தெரியா. வந்து முதல் தரம் கழுவினா, காஞ்ச பிறகு பின் கதவில விரலால கோடு இழுத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்க. நான் கையுறை கழட்டிப் பாக்கிறன்.

இப்படிக்கு,
உங்கட தம்பி