சோலைக்கிளிக் குஞ்சு எங்கே போகும்? நீலகிரி வனத்துறைக்கு ஒரு திறந்த மடல்

வனத்துறை அதிகாரிகளுக்கு வணக்கம்.

நீலகிரியில் புல்வெளியில் நடப்பட்ட வெளிநாட்டு மரங்களான சீகையையும் (வாட்டில்) கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) அகற்றிப் புல்வெளியை மீட்கும் வேலையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். அந்தத் திட்டத்தில் ஒரு சின்னப் பறவையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளக் கேட்டே எழுதுகிறேன்.

நீலகிரி சோலைக்கிளியை நீங்களே பார்த்திருப்பீர்கள். பெயரில் கிளி இருந்தாலும் அது கிளி இல்லை. முதுகில் கருநீலம், விலாவில் செம்பழுப்பு. சோலைக்குள், அதாவது உயர்மலைப் பள்ளங்களில் இருக்கும் அடர்ந்த பசுமைக்காட்டுக்குள், ஓடையோர இருட்டில் தரையோடு தரையாகப் பூச்சி தேடும். மரப்பொந்திலோ மண்கரைப் பொந்திலோ கூடு வைக்கும். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே சில உயர்மலைகளில் மட்டுமே வாழும், அழியும் ஆபத்தில் உள்ள பறவை. கணவாயின் அகலம் சுமார் 40 கி.மீ. அந்தத் தாழ்நிலத்தைத் தாண்டாமலே பல லட்சம் ஆண்டுகள் கழிந்ததில், தெற்கே ஆனைமலை, பழனி பக்கம் இருப்பது தனி இனமாகவே ஆகிவிட்டது.

வளர்ந்த ஜோடி தன் எல்லைக்குள் இன்னொன்றை விடாது. அதனால் குஞ்சு பெரிதானதும் வேறு இடம் தேடித்தான் ஆக வேண்டும். பிறந்த இடத்துக்கும் முதல் கூடு வைக்கும் இடத்துக்கும் இடையிலான அந்தத் தூரத்தில்தான் இனத்தின் எதிர்காலம் இருக்கிறது. அது சுருங்கினால் ஒவ்வொரு சோலையும் தனித்தீவாகி, உள்ளுக்குள்ளேயே இனம் பெருக்க நேரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரங்களில் வாழும் இரண்டு பறவைகளை அண்மைக்காலக் காடழிப்பு இப்படித் துண்டாடியிருப்பதை 2015இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது.

கிர்ட்லாந்து கதிர்க்குருவிகளுக்கு ரேடியோ கருவி பொருத்தி, அமெரிக்காவின் மிச்சிகனில் பின்தொடர்ந்தார்கள். இனப்பெருக்கக் காலத்திலேயே சில பறவைகள் 77 கி.மீ. வரை போய்வந்தது 2020இல் வெளியானது. ஆனால் அது பஹாமாஸ் வரை வலசை போகும் பறவை. சோலையின் நிழலை விட்டு வெளியே வரவே தயங்கும் நம் பறவையிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

ஆகவே சீகையை ஒரே வீச்சில் வெட்டவேண்டாம். வயதான சீகையின் அடியில் பல இடங்களில் சோலை மரக் கன்றுகள் தாமாகவே வந்திருக்கின்றன. இரண்டு சோலைகளை இணைக்கும் ஓடைக்கரைகளில் அவை தலையெடுக்கும்வரை மேல்நிழல் இருக்கட்டும். அதற்காகப் புல்வெளியில் மரம் நட்டுவிடாதீர்கள், அது பழைய தவறு. சோலையோர வெட்டு வேலையை ஏப்ரல் முதல் ஜூன் வரை நிறுத்திவையுங்கள், அது கூடு வைக்கும் காலம்.

அப்புறம், குஞ்சுகளின் காலில் வண்ண வளையம் மாட்ட ஆய்வாளர்களுக்கு அனுமதி கொடுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளில் எந்தக் குஞ்சு எந்தச் சோலையில் கூடு வைத்தது என்று தெரிந்தால், எந்த ஓடைக்கரையை முதலில் காப்பது என்பதை உங்கள் களப் பணியாளர்களே முடிவு செய்துவிடலாம்.

இப்படிக்கு,
நீலகிரிப் பறவை ஆர்வலர் ஒருவர்