ஸ்பெயின் கால்பந்து லீக் ரசிகர் மன்றம், 2020-21 சீசன் ஆண்டறிக்கை: செயலாளர் வாசிச்சது

தலைவர் அண்ணனுக்கும், பொருளாளருக்கும், மாடி குடுத்த வீட்டுக்கார அக்காவுக்கும், மாஸ்க் போட்டு வந்திருக்குற, மூக்குக்கு கீழ போட்டு வந்திருக்குற எல்லா உறுப்பினர்களுக்கும் வணக்கம். போன வருஷம் ஆண்டறிக்கைய நான் வாட்ஸப்ல ஆடியோவா போட்டேன், பாதி பேர் கேக்கல, அதனால இந்த வருஷம் எழுதிட்டு வந்துட்டேன். கொஞ்சம் நீளம். டீ வர்ற வரைக்கும் பொறுத்துக்கங்க.

முதல்ல கணக்கெடுப்பு. மன்றத்துல இப்ப 37 பேர். பார்சா, அதாவது பார்சிலோனா 20, ரியல் மாட்ரிட் 13, அத்லெட்டிகோ 3, மிச்சம் ஒருத்தர் வில்லாரியல். சிஎஸ்கே மாதிரி மஞ்ச ஜெர்சி, அதுக்காக சேந்தேன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. வியாசர்பாடில பொறந்தவனுக்கு பந்து புதுசு இல்ல, ஆனா ஸ்பெயின் லீகுக்குன்னு தனியா ஒரு மன்றம் எதுக்குன்னு இன்னும் வீட்டுல கேக்குறாங்க. மூணு வருஷமா ஃபேஸ்புக்ல எல்லா மேட்சும் ஃப்ரீயா வந்துச்சு, அதான் காரணம், வேற பெரிய தத்துவம் எல்லாம் இல்ல. அந்த ஒப்பந்தம் இந்த சீசனோட முடிஞ்சுது, அதப் பத்தி கடைசில வரேன்.

இப்ப ஒரு கசப்பான விஷயம். தீர்மான நோட்டுல 2020 செப்டம்பர் கடைசில ஒரு பக்கம் இருக்கு. "33 வயசு ஆயிடுச்சு, ஓட மாட்றான், சுவாரெஸ விட்டது பார்சாவுக்கு நல்லதுதான்"னு, பார்சாவோட ஸ்ட்ரைக்கர் சுவாரெஸ பத்தி ஒரு தீர்மானம். முன்மொழிஞ்சது நான். வழிமொழிஞ்சவர் இப்ப கடைசி வரிசைல உக்காந்து தரைய பாத்துட்டு இருக்காரு. அப்ப நம்ம மனநிலை அப்படி. ஆகஸ்ட்ல பேயர்ன்கிட்ட 8-2 வாங்கிட்டு, மெஸ்ஸி வேற நான் போறேன்னு புரோஃபேக்ஸ், நம்ம ரிஜிஸ்டர் தபால் மாதிரி, அனுப்பி, எவன விட்டாலும் பரவால்ல யாரையாவது விடுங்கன்னு இருந்த நேரம். பார்சா கோச் கூமன் போன்ல கூப்ட்டு நீ என் பிளான்ல இல்லன்னு சொல்லிட்டாராம், அத்லெட்டிகோவும் கைக்காசு கொடுக்காம, இவ்ளோ சாதிச்சா இவ்ளோன்னு போனஸ் கணக்குல 60 லட்சம் யூரோ வரைக்கும்னு பேசி தூக்கிட்டு போனாங்க. முதல் மேட்ச்லயே கிரனாடாகூட, 70 நிமிஷத்துக்கு மேல உள்ள வந்து ரெண்டு கோல் போட்டு ஒண்ணு போட வச்சான். 6-1. அன்னிக்கே நோட்ட அடிச்சிருக்கணும், அடிக்கல.

அடுத்து கணிப்பு போட்டி. தலைக்கு 10 ரூபா, 37 பேரும் கட்டினீங்க, ஜெயிக்கிறவங்களுக்கு பிரியாணி. அத்லெட்டிகோ சாம்பியன்னு எழுதினது அவங்க ஃபேன்ஸ் மூணு பேரும், கூட தையல்கார அக்கா பையன் ஒருத்தனும். எட்டாவது படிக்கிறான், ரியல் ஃபேன். ஏன்டா இப்படி எழுதினன்னு கேட்டதுக்கு "ஓப்லாக் இருக்கான்ல"ன்னான், அத்லெட்டிகோ கோல்கீப்பர். அவ்வளவுதான் அவன் ஆராய்ச்சி, இந்த அறிக்கைல நான் எழுதப் போற எல்லாத்தையும் விட அது கரெக்ட்.

சீசன் போன விதம். இந்த வருஷத்துக்கு ஒரு தனித்தன்மை இருக்கு, அத பதிவு பண்ணணும். ஸ்டேடியத்துல ஆள் இல்ல. ரியல் சொந்த ஸ்டேடியத்துல வேலை நடக்குதுன்னு பயிற்சி மைதானத்து பக்கத்துல, அவங்க ரெண்டாவது டீம் ஆடுற 6,000 சீட்டு கிரவுண்டுல ஆடுச்சு, அதுவும் காலி. டிவில கேட்ட சத்தம் எல்லாம் வீடியோ கேம்ல இருந்து எடுத்து ஒட்டினது, கேலரில கலர் கலரா தெரிஞ்சது கம்ப்யூட்டர்ல வரைஞ்சது. எப்பவும் நமக்கு ஒரு ஏக்கம் இருக்கும், மாட்ரிட்ல பொறந்தவன் நடந்தே போய் பாக்குறான், நாம இங்க ராத்திரி முழிச்சு ஆறு இன்ச் ஸ்கிரீன்ல பாக்குறோம்னு. இந்த வருஷம் அத்லெட்டிகோ ஸ்டேடியம் மெட்ரோபாலிட்டானோ கேட் எதுத்த வீட்டுக்காரனும் ஆறு இன்ச்லதான் பாத்தான். சந்தோஷப்படுற விஷயம் இல்ல, சும்மா சொல்றேன்.

நவம்பர்ல பார்சாவ அத்லெட்டிகோ 1-0 அடிச்சுது, பார்சா கோல்கீப்பர் டெர் ஸ்டேகன் கோல விட்டு அவ்ளோ தூரம் ஏன் வந்தாருன்னு எனக்கு இன்னும் புரியல, கராஸ்கோ காலி கோல்ல போட்டுட்டு போயிட்டான். ஜனவரி முடியறப்ப 19 மேட்ச்ல 50 பாயின்ட், பின்னாடி இருந்தவங்களுக்கு 40, அதுவும் ஒரு மேட்ச் கூட ஆடி. நம்ம மூணு அத்லெட்டிகோ உறுப்பினர்களும் பிப்ரவரி கூட்டத்துல வந்து பிரியாணி எங்க சொல்றதுன்னு பேச ஆரம்பிச்சாங்க. "மேட்ச் பை மேட்ச்"னு அத்லெட்டிகோ கோச் சிமியோனியே சொல்லிட்டு இருக்காரு, இவங்க மெனு வரைக்கும் போயிட்டாங்க. அதே மாசம் லெவாந்தே வந்துச்சு. நாலு நாளுக்குள்ள ரெண்டு வாட்டி, அவங்க ஊர்ல 1-1, சொந்த மைதானத்துல 0-2 தோல்வி. மார்ச்ல ரியல்கூட டெர்பில, ஒரே ஊர் டீம் ரெண்டும் மோதுற மேட்ச்ல, 88ஆவது நிமிஷம் ரியலோட பென்ஸிமா வந்து சமன் பண்ணிட்டான். ஏப்ரல்ல செவில்லாகிட்ட தோல்வி, பெட்டிஸ்கூட டிரா, பில்பாவோல தோல்வி. 10 பாயின்ட் வெயில்ல வச்ச ஐஸ் மாதிரி போச்சு. மெனு பேசினவங்க குரூப்ல மியூட்ல போயிட்டாங்க.

நாம கடைசியா ஒண்ணா கூடி பாத்தது ஏப்ரல் 10 கிளாசிகோ, அதாவது ரியல் பார்சா மேட்ச், நம்ம நேரத்துக்கு ராத்திரி பன்னெண்டரை, ஜன்னல திறந்து வச்சு பத்து பேர் மட்டும். அங்க செம மழை, இங்க புழுக்கம். பென்ஸிமா குதிகால்ல ஒண்ணு, குரூஸ் ஃப்ரீகிக் ஒண்ணு, 2-1, ரியல் ஜெயிச்சுது, கடைசி செகண்ட்ல பார்சாவோட மொரீபா அடிச்சது பார்ல பட்டு வந்துச்சு. பார்ல பட்டப்ப ஒருத்தர் எகிறி ப்ரொஜெக்டர் வயர புடுங்கிட்டாரு, யாருன்னு பொருளாளருக்கு தெரியும், அறிக்கைல வேணாம்.

பத்து நாள்ல ராத்திரி ஊரடங்கு. அதுக்கு நடுவுல, ஏப்ரல் 18, சூப்பர் லீக்னு ஒரு கூத்து. 12 பெரிய கிளப் சேந்து நாங்க தனியா ஆடிக்கிறோம்னு அறிவிச்சாங்க, அதுல ஸ்பெயின்ல இருந்து மூணு, நம்ம மூணும்தான். குரூப்ல 400 மெசேஜ். நம்ம வில்லாரியல்காரர் மட்டும் சட்டப்படி ஒரு கேள்வி கேட்டாரு, "36 பேரோட டீமும் போயிடுச்சுன்னா மன்றம் என் பேருக்கு வந்துருமா?"ன்னு. ரெண்டு நாள்ல இங்கிலீஷ் கிளப் எல்லாம் கழண்டுச்சு, அப்புறம் அத்லெட்டிகோவும் கழண்டுச்சு, பார்சாவும் ரியலும் மட்டும் அப்ப விடாம பிடிச்சுட்டு நின்னாங்க. என் கருத்து கேட்டா, அந்த சீசன்லயே இரண்டாம் டிவிஷன்ல இருந்து புதுசா ஏறி வந்த காடிஸ், ரியலையும் அடிச்சு பார்சாவையும் அடிச்சுது, அவங்க இல்லாம என்ன லீக்.

ஏப்ரல் 29 பத்தி நான் எழுத விரும்பல, ஆனா செயலாளர்னா எழுதணும். பார்சா கிரனாடாவ ஜெயிச்சா அந்த சீசன்ல முதல் தடவையா ஃபர்ஸ்ட் எடம். மெஸ்ஸி கோல் போட்டாச்சு. ஜெயிச்சாச்சுன்னு நான் ஸ்டேட்டஸ் வச்சேன். மச்சீஸ் ஒண்ணு திருப்பினான், அப்புறம் 39 வயசு ஆளு ஒருத்தர், ஜார்ஜ் மொலினா, வந்து தலையால முட்டி 2-1 ஆக்கிட்டாரு, கூமனுக்கு நடுவுல ரெட் கார்டு. 33 வயசு ஆச்சுன்னு தீர்மானம் போட்டவனுக்கு 39 வயசு ஆள வச்சு பதில் வந்துச்சு. ஸ்டேட்டஸ நான் அழிக்கிறதுக்குள்ள 21 பேர் பாத்துட்டாங்க.

மே மாசம் பாதிக்கு மேல ஞாபகமே வேற மாதிரி இருக்கு. 10ஆம் தேதில இருந்து முழு ஊரடங்கு. நம்ம உறுப்பினர்கள் ரெண்டு பேர் வீட்டுல பெரியவங்க தவறிட்டாங்க, போய் நிக்கக் கூட முடியல. அவங்களுக்காக இங்க ஒரு நிமிஷம் எழுந்து நிப்போம்.

உக்காருங்க.

அந்த நாட்கள்ல குரூப்ல ஆக்சிஜன் நம்பரும் பெட் நம்பரும்தான் ஓடுச்சு, நடுவுல யாராவது ஒருத்தர் ஸ்கோர் போடுவாங்க, யாரும் திட்டல. எல்சேகூட மேட்ச் ஒண்ணு, அத்லெட்டிகோ 1-0, கடைசி நேரத்துல எல்சேக்கு பெனால்டி, ஃபிடெல் அடிச்சது போஸ்ட்ல பட்டு வெளிய. அந்த மரம் ஒரு இன்ச் தள்ளி இருந்தா இந்த அறிக்கையே வேற. 8ஆம் தேதி பார்சாவும் அத்லெட்டிகோவும் 0-0, ரெண்டு பேருக்கும் பிரயோஜனம் இல்ல. மறுநாள் ரியல் செவில்லா மேட்ச்ல ரியலுக்கு பெனால்டி குடுத்துட்டு, VAR, அதான் வீடியோ ரெஃப்ரீ, பாத்து, அதுக்கு முன்னாடி இந்தப் பக்கம் ரியல் ஆளு மிலிட்டாவ் கைல பட்டிருக்குன்னு சொல்லி அத செவில்லாவுக்கு மாத்திட்டாங்க. 13 ரியல் உறுப்பினர்களும் கையெழுத்து போட்டு ஒரு கண்டன தீர்மானம் அனுப்பியிருக்காங்க, பதிவு பண்ணியாச்சு, ஸ்பெயினுக்கு அனுப்ப மன்றத்துல ஸ்டாம்ப் இல்ல.

16ஆம் தேதி அத்லெட்டிகோவுக்கு ஒசாசுனாகூட மேட்ச். 75ஆவது நிமிஷம் ஒசாசுனா கோல், அந்தப் பக்கம் ரியல் பில்பாவோல 1-0ல இருக்கு, ஆக ரியல் ஃபர்ஸ்ட். லோடி 82ல சமன் பண்ணியும் ரியல்தான் ஃபர்ஸ்ட், ஏன்னா ஸ்பெயின்ல பாயின்ட் சமம்னா கோல் வித்தியாசம் பாக்க மாட்டாங்க, நேருக்கு நேர் மோதினதுதான் கணக்கு, அதுல ரியல் ஒண்ணு ஜெயிச்சு ஒண்ணு டிரா. இத நான் மூணு வருஷமா விளக்குறேன், இந்த வருஷம்தான் எல்லாரும் கத்துக்கிட்டீங்க. 88ல சுவாரெஸ். 13 நிமிஷம் ராஜாவா இருந்த ரியல்காரங்க பாவம். பார்சா அன்னிக்கே செல்டாகிட்ட தோத்து வெளிய.

கடைசி நாள் மே 22, சனிக்கிழமை, நம்ம ஒன்பதரை மணி, அத்லெட்டிகோவுக்கு வயாடோலிட்கூட, ரியலுக்கு வில்லாரியல்கூட. 37 பேரும் அவங்கவங்க வீட்டுல. இங்கதான் அந்த லேக் பிரச்சனை. ஒருத்தர் நெட் வேகம், ஒருத்தர் நெட் நொண்டி, ரெண்டாவது தெரு தம்பி வீட்டுல "கோல்"னு கத்தினா நமக்கு அரை நிமிஷம் கழிச்சுதான் பந்து போகும். 18ஆவது நிமிஷம் ரெண்டாவது தெருவுல இருந்து ஒரு "அய்யோ" வந்துச்சு. அப்பதான் என் போன்ல வயாடோலிட் எதிர் தாக்குதல் ஆரம்பிக்குது. பிளானோ போட்டுட்டான். அடுத்த ரெண்டு நிமிஷத்துல ரியலுக்கும் வில்லாரியல் ஒண்ணு வச்சுது, யெரெமி பினோ, நம்ம மஞ்ச ஜெர்சிக்காரர் குரூப்ல வெறும் சிங்கம் ஸ்டிக்கரா போட்டாரு. கணக்கு பாத்தா அன்னிக்கு ஒரு நிமிஷம் கூட அத்லெட்டிகோ முதல் எடத்த விடல. ஆனா பாக்குறப்ப யாருக்கும் அப்படி தோணல, ரியல் ரெண்டு கோல் போட்டா முடிஞ்சுதுன்னுதான் இருந்துச்சு. 57ல கொரேயா நுனிக்கால்ல குத்தினான், சின்ன பசங்க மண்ணுல குத்துற மாதிரி. 67ல வயாடோலிட்காரன் ஒருத்தன் நடு மைதானத்துல பந்த பின்னாடி தட்டிவிட, சுவாரெஸ் தனியா. ஓட மாட்றான்னு எழுதி வச்ச ஆளு பாதி கிரவுண்டு ஓடினான். 21ஆவது கோல்.

அந்தப் பக்கம் பென்ஸிமா 87ல, மோட்ரிச் கூடுதல் நேரத்துல, ரியல் ஜெயிச்சுது, பத்தல. அத்லெட்டிகோ 86 பாயின்ட், சாம்பியன், ரியல் 84. பார்சா 79, செவில்லா 77. வயாடோலிட் கீழ இறங்கிடுச்சு, அப்ப அதுக்கு ஓனரா இருந்தது நம்ம பழைய பிரேசில் ரொனால்டோ.

மேட்ச் முடிஞ்சு சுவாரெஸ் புல்லுல தனியா உக்காந்து போன வச்சுட்டு அழுதான், வீட்டுக்கு வீடியோ கால். பார்சா என்னை மதிக்கலன்னு பேட்டியும் குடுத்தான். ஸ்டேடியத்துக்கு வெளிய ஜெர்சி போட்டுட்டு வந்த கூட்டம் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு பாடிட்டு இருந்துச்சு, உள்ள விட மாட்டாங்கன்னு தெரிஞ்சே வந்தவங்க. ஜெயிச்சவனே வீட்டுக்காரங்கள போன்லதான் பாக்குறான்னு பாத்துட்டு நான் கொஞ்ச நேரம் பேசாம இருந்தேன், அம்மா வந்து மணி என்னன்னு கேட்டாங்க.

நாலு நாள் கழிச்சு வில்லாரியல் யூரோப்பா லீக் ஃபைனல்ல மான்செஸ்டர் யுனைடெட்ட பெனால்டில 11-10 ஜெயிச்சுது. மன்றத்துல இந்த வருஷம் ஐரோப்பிய கோப்பை வச்சிருக்குற ஒரே உறுப்பினர் அவருதான், சந்தா பாக்கி வச்சிருக்குற ஒரே உறுப்பினரும் அவருதான்.

வரவு செலவு. போன வருஷ கையிருப்பு 2,340, சந்தா 5,180, கணிப்பு போட்டி 370, ஆக 7,890. ப்ரொஜெக்டர் வாடகை அஞ்சு ராத்திரிக்கு 2,000, டீ பிஸ்கட் 1,130, மே மாசம் அரிசி பருப்பு வாங்கி குடுத்தது 3,200. கையில 1,560. பிரியாணி இன்னும் பாக்கி, நாலு பேருக்கு.

அடுத்த சீசனுக்கு ஃப்ரீ கிடையாதுன்னு வச்சு மாசம் பத்து ரூபா கூட்டலாம்னு நிர்வாகக் குழு பரிந்துரை. லேக் பிரச்சனைக்கு, நெட் வேகமா இருக்குறவங்க கோலுக்கு ஒரு நிமிஷம் வாய மூடிட்டு இருக்கணும்னு தலைவர் அண்ணன் ஒரு தீர்மானம் கொண்டு வராரு, எனக்கு நம்பிக்கை இல்ல. மெஸ்ஸி கான்ட்ராக்ட் ஜூன் 30ஓட முடிஞ்சுது, கையெழுத்து இன்னும் ஆகல, கோபா அமெரிக்கா கப்போட லீவுல இருக்காரு. இத அஜெண்டாவுல சேக்கணும்னு 20 பேர் கேட்டாங்க, நான் வேணாம்னுட்டேன், அவரு எங்க போயிடப் போறாரு.

கடைசியா, 2020 செப்டம்பர் தீர்மானத்த நோட்டுல இருந்து நீக்கணும்னு நானே முன்மொழிஞ்சேன். மூணு அத்லெட்டிகோ உறுப்பினர்களும் எதிர்ப்பு. கிழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது, அடுத்த வருஷமும் கூட்டத்துல படிக்கணும்னாங்க. ஓட்டு எடுத்தோம், 31க்கு 6ல தோத்துட்டேன், பார்சாக்காரங்களே பாதிக்கு மேல அவங்க பக்கம் கை தூக்கினாங்க. நோட்டு அப்படியே இருக்கு, 14ஆம் பக்கம், கேக்குறவங்களுக்கு பொருளாளர் காட்டுவாரு.

செயலாளர்
18 ஜூலை 2021, ஞாயிறு, மொட்டை மாடி