ஆண்டில் ஒரு நாள்: பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

அயல்நாட்டு மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளும் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும், பதிவாளர்களுக்கும், மாணவர் நலப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

நான் வெளிநாட்டில் இரண்டாம் ஆண்டு முதுகலை படிக்கும் மாணவி. எந்த நாட்டிலிருந்து வந்தேன் என்பதை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். நான் கேட்கப்போவது எந்த நாட்டு மாணவருக்கும் பொருந்தும். தாய்நாட்டின் தேசிய நாளன்று எங்களுக்குக் கட்டாயத் தேர்வு எதுவும் வைக்க வேண்டாம், அல்லது வைத்தே ஆக வேண்டுமென்றால் அதை வேறொரு நாளில் எழுத அனுமதியுங்கள், அந்த மாலையில் கூடுவதற்கு ஓர் அறையும் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

கடந்த ஆண்டு அந்த நாளில் எங்கள் நாட்டில் கொடி ஏறியபோது, நான் இருந்த ஊரில் அதிகாலை மூன்றரை மணி. அறைத்தோழி உறங்கிக்கொண்டிருந்ததால் கைப்பேசியின் வெளிச்சத்தைக் குறைத்து, காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். நாட்டுப்பண் தொடங்கியதும் உட்கார்ந்திருக்க முடியாமல் கட்டிலுக்கும் மேசைக்கும் இடைப்பட்ட இடத்தில் எழுந்து நின்று, உதடு மட்டும் அசையப் பாடினேன். தோழி விழித்து விளக்கைப் போட்டாள், என்னைப் பார்த்தாள், உடனே விளக்கை அணைத்துவிட்டு, நான் பாடி முடிக்கும்வரை படுக்காமல் உட்கார்ந்திருந்தாள். வேறொரு நாட்டைச் சேர்ந்த அவளுக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்று காலை ஒன்பது மணிக்கு எனக்கு ஆய்வகத் தேர்வு. அதை ஒரு நாள் தள்ளி எழுதலாமா என்று முன்பே கேட்டிருந்தேன். மருத்துவச் சான்றிதழ் இருந்தால் மட்டுமே இயலும் என்று பதில் வந்தது. காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் கிடைத்திருக்கும். நாட்டின் பெயரால் ஒரு பொய்யைச் சொல்ல மனம் ஒப்பவில்லை.

அறை கேட்டபோது கிடைத்த பதில் இதைவிட வருத்தம் தந்தது. ஆண்டுதோறும் நடக்கும் பன்னாட்டுப் பண்பாட்டு மாலையில் பாரம்பரிய உடை அணிந்து வந்து கலந்துகொள்ளலாமே என்றார்கள். அது நல்ல நிகழ்ச்சிதான், நானும் போயிருக்கிறேன். ஆனால் அங்கே நாங்கள் பிறர் பார்ப்பதற்காக மேடையேறுகிறோம். தேசிய நாளில் நாங்கள் கூடுவது எங்களுக்காக. அதில் பார்வையாளர்கள் இருக்க வேண்டிய தேவையே இல்லை. பத்துப் பேர் ஓர் அறையில் நின்று ஒரு பாட்டைப் பாடி, தொலைவில் இருக்கும் பெற்றோரிடம் பேசி, நாட்டின் நிலை பற்றிக் கொஞ்சம் வாதாடிவிட்டுக் கலைவதற்கு மேடையும் ஒலிபெருக்கியும் எதற்கு? தூதரகத்தில் விழா நடக்கிறதே என்றும் சொல்வார்கள். தூதரகம் தலைநகரில் இருக்கிறது. பல்கலைக்கழகங்களோ நாடெங்கும் இருக்கின்றன, போய்த் திரும்ப ஒரு முழு நாள் வேண்டும்.

இந்தக் கோரிக்கை மாணவர் வரலாற்றுக்குப் புதியதன்று. உங்களில் பலர் நவம்பர் 17ஆம் நாளைப் பன்னாட்டு மாணவர் நாளாகக் கொண்டாடுகிறீர்கள். அந்த நாள் எங்கிருந்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். 1918ஆம் ஆண்டு அக்டோபர் 28 அன்று செக்கோஸ்லோவாக்கியா விடுதலை பெற்றது. நாஜிகளின் பிடியில் இருந்த பிராக் நகரில் 1939ஆம் ஆண்டு அதே நாளை நினைவுகூர மக்கள் தெருவில் திரண்டபோது, யான் ஓப்லெடால் என்ற மருத்துவ மாணவர் சுடப்பட்டு, நவம்பர் 11 அன்று இறந்தார். அவருடைய இறுதி ஊர்வலம் எதிர்ப்புப் பேரணியாக மாறவே, நவம்பர் 17 அன்று செக் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன, ஒன்பது பேர் கொல்லப்பட்டனர், 1,200க்கும் மேற்பட்ட மாணவர்கள் வதைமுகாமுக்கு அனுப்பப்பட்டனர். அந்த நாளை மாணவர் நாளாக 1941ஆம் ஆண்டு அறிவித்தவர்கள் லண்டனில் கூடிய மாணவர்கள். தாய்நாட்டை இழந்து அங்கே தஞ்சம் புகுந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். ஆக, நீங்கள் கொண்டாடும் மாணவர் நாளின் வேரிலேயே, தங்கள் தேசிய நாளை நினைக்கத் துணிந்த மாணவர்கள் இருக்கிறார்கள்.

நடைமுறைச் சிக்கல் இருக்கும் என்பதை அறிவேன். உலகெங்கும் வெளிநாட்டில் படிப்பவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொரு நாட்டின் தேசிய நாளுக்கும் வகுப்பை நிறுத்தினால் கல்வி ஆண்டே மிஞ்சாது. அதனால்தான் அனைவருக்கும் விடுமுறை கேட்கவில்லை, அந்த மாணவருக்கு மட்டுமே சலுகை கேட்கிறேன். நாட்காட்டியைப் பார்த்தாலே சுமை குறைவு என்பது விளங்கும். ஆகஸ்ட் 15 இந்தியாவுக்கும் கொரியாவுக்கும் விடுதலை நாள்; வடகோளத்தில் பெரும்பாலும் அப்போது கோடை விடுமுறை, ஆஸ்திரேலியாவிலோ வகுப்புகள் நடக்கும் காலம். செப்டம்பர் 15 நடு அமெரிக்காவின் ஐந்து நாடுகளுக்குப் பொதுவானது. அக்டோபர் 1 சீனாவுக்கும் நைஜீரியாவுக்கும் உரியது. தேர்வுக் காலத்தோடு உண்மையில் மோதக்கூடியவை நார்வேயின் மே 17, பின்லாந்தின் டிசம்பர் 6 போன்ற சில நாள்களே.

ஒன்றை மட்டும் மிகுந்த கவனத்தோடு செய்ய வேண்டுகிறேன். கடவுச்சீட்டைப் பார்த்து இவருக்கு இன்ன நாள் என்று நீங்களாக முடிவு செய்துவிடாதீர்கள். ஒரே நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரே நாள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் ஜனவரி 26 கொண்டாடப்படும் நாள். அந்த மண்ணின் தொல்குடிகள் 1938ஆம் ஆண்டிலேயே சிட்னியில் அதைத் துக்க நாளாக அறிவித்துக் கூடினார்கள். தன் நாட்டிலிருந்து துரத்தப்பட்டு வந்து உங்கள் வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருக்கு, வாழ்த்துச் சொல்லி அனுப்பும் மின்னஞ்சல் ஆறாத புண்ணைக் கீறுவதாகிவிடும். எந்த நாள் என்று மாணவரே எழுதட்டும். வேண்டாம் என்பவர் வெறுமனே விட்டுவிடட்டும். அறையை ஒரே ஒரு சங்கத்திடமோ தூதரகத்திடமோ ஒப்படைத்துவிடாமல், கேட்கும் மாணவர் எவருக்கும் கொடுங்கள்.

சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி கூடுதலாக அச்சிட்டால் போதும்: ஆண்டில் எந்த ஒரு நாளில் தேர்வு இல்லாமல் இருக்க விரும்புகிறீர்கள்? காரணம் கேட்க வேண்டாம், சான்றிதழும் வேண்டாம். அடுத்த கல்வி ஆண்டின் படிவங்கள் அச்சுக்குப் போவதற்கு முன் உங்கள் கல்விக் குழுக்களில் இதை விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறும், என்ன முடிவானாலும் அதை மாணவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அயல்நாட்டில் பயிலும் ஒரு மாணவி